ஈரத்தில் நின்றே வாடுகிற செம்பருத்தி

கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன். இலை தெரிகிறதா? காலை பத்து மணிக்கே துவண்டு தொங்குகிறது. புரட்டாசிக் கடைசியில் வாங்கி நட்ட ஹைப்ரிட் செம்பருத்தி. நட்டு மூன்று வாரம்தான், இலை பழுத்து மொட்டெல்லாம் உதிர்ந்துவிட்டது.

செடி வாடியதும் உடனே குடத்தைத் தூக்காதீர்கள். முதலில் மண்ணில் விரலை விடுங்கள். பாருங்கள், விரல் முழுக்கச் சேறு. இவ்வளவு ஈரத்திலும் செடி வாடுகிறது என்றால், தண்ணீரை இழுக்க வேண்டிய வேர் படுத்துவிட்டது என்று அர்த்தம். இப்போது இதற்குத் தண்ணீரும் வேண்டாம், உரமும் வேண்டாம்.

தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டுகிறேன். உள்ளே பச்சை. உயிர் இருக்கிறது. சரி, தோண்டிவிடலாம்.

அழுகிய முட்டை வாடை அடிக்கிறது. குழிக்கு அடியில் தண்ணீர் நிற்பதைப் பார்த்தீர்களா? நர்சரி மண் உருண்டை கொஞ்சமும் உடையாமல் அப்படியே வருகிறது. ஒரு வேர்கூட வெளியே போகவில்லை. நம் நர்சரிகளில் இருக்கும் செடிகள் நிறைய ஆந்திராவின் கடியம் பக்கத்திலிருந்து லாரியில் வருபவை. அவ்வளவு தூரம் உதிராமல் வருகிற கெட்டி மண், நட்ட பிறகும் சுலபத்தில் விடுவதில்லை.

வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, மண்ணைக் கையால் கரைத்துவிட்டேன். இப்போது வேரைப் பாருங்கள். நர்சரி பிளாஸ்டிக் கவரின் வடிவத்திலேயே வட்டமாகச் சுற்றியிருக்கிறது. மேல் வேர் வெளுப்பாக, அழுத்தினால் கெட்டியாக இருக்கிறது. அது நல்ல வேர். அடியில் இருப்பது கறுப்பு. இழுத்தால் தோல் கழன்று நடுவில் நூல் மட்டும் மிஞ்சுகிறது. இது அழுகல். வேரிலேயே மணி மணியாக வீங்கியிருந்தால் நூற்புழு, அதாவது வேரைத் தாக்கும் மிகச் சிறிய புழு என்று சந்தேகப்படலாம். செம்பருத்திக்கு அது அடிக்கடி வரும். இதில் வீக்கம் இல்லை, நிம்மதி.

ஆனால் பாதித் தவறு என் குழியில்தான். எங்கள் பக்கம் தஞ்சாவூர்க் களிமண். ஈரத்தில் கடப்பாரையால் வெட்டியதில் குழியின் சுவர் பூசி மெழுகியதுபோல் ஆகிவிட்டது. அதற்குள் மணலும் கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) வேறு நிரப்பினேன். அதை இனிமேல் செய்ய மாட்டேன். சுற்றிலும் களிமண் இருக்க, குழி மட்டும் இளகியிருந்தால் மழைத்தண்ணீர் எல்லாம் அதில்தான் வந்து தேங்கும்.

அதனால் இந்தக் குழியைத் தோட்டத்து மண் போட்டே மூடிவிட்டேன். அதே மண்ணோடு கொஞ்சம் மக்கிய எரு கலந்து, தள்ளி ஒரு இடத்தில் அரை அடி உயரத்துக்கு அகலமான மேடு போட்டிருக்கிறேன். கத்தரிக்கோலைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, அழுகிய வேரை நல்ல வேர் தெரியும்வரை வெட்டுகிறேன். சுற்றிய வேரையும் பிரித்து, நிமிர்த்த முடியாததை வெட்டிவிடுகிறேன். இருக்கிற வேரால் இவ்வளவு இலைக்கும் தண்ணீர் கொடுக்க முடியாது, அதனால் மேலே மூன்றில் ஒரு பங்கு கிளையைக் குறைக்கிறேன்.

நடும்போது தண்டு புதையக் கூடாது. முதல் வேர் கிளம்புகிற இடம் மண்மட்டத்திலேயே இருக்கட்டும். காலால் மிதிக்க வேண்டாம், ஒருமுறை தண்ணீர் ஊற்றினால் மண் தானாக உட்கார்ந்துவிடும்.

மேலே பழைய வேட்டியைப் பந்தல் மாதிரி கட்டியிருக்கிறேன். பத்து நாள் நிழல். அதுவரை தினமும் விரலை விட்டுப் பார்த்து, மேல் மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். துளிர் வந்தால் அடுத்த வீடியோவில் காட்டுகிறேன். வராவிட்டாலும் தோண்டி வேரைக் காட்டுவேன்.