குழந்தைக்குக் காய்ச்சல், காலையில் மீட்டிங்

வணக்கம். இன்றைக்கு ஒரு கணக்கில் இருந்து ஆரம்பிக்கிறேன். சின்னக் குழந்தைக்கு வருடத்தில் 6 முதல் 8 தடவை சளி பிடிப்பது சாதாரணம் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். காப்பகத்துக்கோ மழலையர் பள்ளிக்கோ போகிற குழந்தை என்றால் இன்னும் கூடவே வரும். ஒவ்வொரு சளியும் விட்டுப்போக 7 முதல் 10 நாள் ஆகும். பெருக்கிப் பாருங்கள், வருடத்தில் ஒன்றரை மாதமாவது மூக்கு ஒழுகிக்கொண்டுதான் இருக்கும். அத்தனை நாளும் காய்ச்சல் அடிக்காது, சரி. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் நாம் ஆபீசுக்கு, "திடீர்னு குழந்தைக்கு உடம்பு சரியில்லை" என்றுதான் மெசேஜ் போடுகிறோம். இதில் திடீர் எங்கே இருக்கிறது? வரும் என்று தெரியும். தேதிதான் தெரியாது.

பெற்றவர்களுக்கு இருக்கிற பெரிய சபலம் காலை வேளையில்தான் வரும். ராத்திரி முழுக்க உடம்பு கொதித்திருக்கும். விடிந்ததும் தொட்டுப் பார்த்தால் ஜில்லென்று இருக்கும். சரியாகிவிட்டது என்று நினைப்போம். உடம்புச் சூடு இயல்பாகவே காலையில் குறைவாகவும் மாலையில் கூடுதலாகவும் இருக்கும், காய்ச்சல் நேரத்திலும் அப்படித்தான். அதனால் காலை ஏழு மணித் தெர்மாமீட்டரை நம்பி யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். அதற்கு மேல் ஒரு பாராசிட்டமால் கொடுத்து அனுப்பினால், அது வேலை செய்வது நாலு முதல் ஆறு மணி நேரம். சரியாக நீங்கள் முக்கியமான மீட்டிங்கில் இருக்கும்போது பள்ளியில் இருந்து போன் வரும். மருந்து கொடுக்காமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால்தான் அனுப்பலாம் என்று பல காப்பகங்களில் விதி வைத்திருப்பது இதற்காகத்தான். கடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த பிள்ளைக்கும் நம் பிள்ளை நோயைக் கொடுத்துவிட்டு வரக் கூடாதே.

அப்போது யார் வீட்டில் இருப்பது? என் மனைவிக்கு ஷிஃப்ட் வேலை. வேலைக்குள் போய்விட்டால் கைப்பேசியைத் தொட முடியாது. எனக்கு லேப்டாப்பும் இணையமும் இருந்தால் போதும். அதனால் நான்தான் இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். ஆனால் வீட்டில் இருந்து வேலை செய்வதும் நோயாளிக் குழந்தையைப் பார்ப்பதும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் செய்கிற காரியம் இல்லை. தோளில் சாய்ந்து கிடக்கிறவனை ஒரு கையால் தாங்கி, இன்னொரு கையால் மைக்கை அணைத்து அணைத்துப் போடுகிறேன். அவன் மூச்சுச் சூடு கழுத்தில் அடிக்கிறது. காதில் யாரோ காலாண்டு இலக்கு பற்றிப் பேசுகிறார். ஒரு வார்த்தை மண்டையில் ஏறாது.

அதனால் நாளைப் பாதியாக உடைக்கிறோம். அவள் ஷிஃப்ட் மதியம் என்றால் காலை முழுக்க அவள், நான் கதவைச் சாத்திக்கொண்டு வேலை. மதியத்துக்கு மேல் நான், லேப்டாப் மூடியிருக்கும். ஆபீசுக்கும் அதையே சொல்கிறேன்: "காலை ஒன்பதில் இருந்து ஒரு மணி வரை முழுசாக இருப்பேன். அதற்கு மேல் இல்லை. இந்த ஒரு கோப்பு இன்றைக்கு முடியும், மற்ற இரண்டும் நாளை மறுநாள்." மன்னிப்பு, விளக்கம், மருந்துச் சீட்டின் போட்டோ எதுவும் அனுப்புவதில்லை. "முடிந்தவரை பார்க்கிறேன்" என்று எழுதினால்தான் நாள் முழுக்கத் தொல்லை.

ஆள் மாறும்போது ஒரு ஆபத்து உண்டு. அவள் மருந்து கொடுத்தாளா இல்லையா என்று தெரியாமல் நான் இன்னொரு தடவை கொடுத்துவிடலாம். அதனால் குளிர்சாதனப் பெட்டி மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். மணி, சூடு, எத்தனை மி.லி., கொடுத்தது யார், கடைசியாகச் சிறுநீர் போனது எப்போது. அவ்வளவுதான். எத்தனை மி.லி. என்பதை ஏன் எழுதுகிறோம் என்றால், பாராசிட்டமால் சிரப்பில் 5 மி.லி.க்கு 120 மி.கி. இருப்பதும் உண்டு, 250 இருப்பதும் உண்டு. பாட்டில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அளவு குழந்தையின் எடையை வைத்துத்தான், அதை மருத்துவரிடம் கேட்டு அந்தத் தாளின் தலையிலேயே எழுதிவிடுங்கள். ஆஸ்பிரின் மட்டும் வேண்டவே வேண்டாம், ரெய் சிண்ட்ரோம் என்று கல்லீரலையும் மூளையையும் தாக்குகிற கோளாறு வரலாம்.

இன்னொன்று. பள்ளி விண்ணப்பத்தில் முதல் எண்ணாக என் எண்ணைத்தான் கொடுத்தோம். இன்னமும் போன் அவளுக்குத்தான் போகிறது. அவள் எடுக்கவில்லை என்றால் மறுபடியும் அவளுக்கே! நான் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன், ஆனால் விடப்போவதில்லை.

குடும்பப் பொறுப்புள்ள தொழிலாளர்களுக்காக சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1981-லேயே 156-வது உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. ஆண், பெண் இருவருக்கும் சேர்த்துத்தான். குடும்பப் பொறுப்பு இருக்கிறது என்பதையே காரணமாக வைத்து வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. ஸ்வீடனில் 12 வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால், ஒரு குழந்தைக்கு வருடத்துக்கு 120 நாள் வரை அரசு உதவித்தொகையோடு பெற்றோர் வீட்டில் இருக்கலாம். 120! அந்த ஊர்க்காரர்களும் நான் ஆரம்பத்தில் போட்ட கணக்கைத்தான் போட்டிருக்கிறார்கள். உங்கள் வேலை ஒப்பந்தத்தில் இதற்கு என்ன இருக்கிறது என்று குழந்தை நன்றாக இருக்கும் நாளில் எடுத்துப் படியுங்கள். காய்ச்சல் நாளில் படிக்க ஓடாது.

இந்த ஏற்பாடெல்லாம் சாதாரணச் சளி காய்ச்சலுக்குத்தான். மூன்று மாதம் ஆகாத குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டாலே உடனே மருத்துவரிடம் போக வேண்டும். எந்த வயதாக இருந்தாலும் மூச்சு வாங்குகிறது, விலா உள்ளே இழுக்கிறது, எழுப்பினால் எழவில்லை, குடிக்க மறுக்கிறது, பல மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, வலிப்பு வந்தது, இதில் எது இருந்தாலும் லேப்டாப்பை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஆபீசுக்கு மெசேஜை வண்டியில் போகும்போது போட்டுக்கொள்ளலாம், ஓட்டுகிறவர் நீங்களாக இல்லாவிட்டால். சரி, அடுத்த வீடியோவில் பார்ப்போம்.