பத்து மணி நேர ப்ளைட்: நுரையீரல் குன்னூர்ல, மூக்கு பாலைவனத்துல, கால் சில்க் போர்டு சிக்னல்ல

[காட்சி: பெங்களூரு அல்சூர் ஏரிக்கரை, திருவள்ளுவர் சிலை, விடியற்காலை. மேலே ஒரு விமானம் கடந்து போகிறது.]

பெங்களூருல ப்ளைட் ஏறி நேரா லண்டன்ல இறங்கறீங்க. நடுவுல 10 மணி நேரத்துக்கு மேல ஆகும். அவ்வளவு நேரம் எங்க இருந்தீங்கன்னு யாராவது கேட்டா, "வானத்துல"ன்னு சொல்வீங்க. உங்க உடம்பைக் கேட்டுப் பாருங்க, வேற பதில் வரும். நுரையீரல், "நான் குன்னூர்ல இருந்தேன்"னு சொல்லும். மூக்கு, "பாலைவனத்துல"ன்னு சொல்லும். கால், "பெங்களூரு சில்க் போர்டு சிக்னல்ல, ட்ராஃபிக்ல மாட்டி நிக்கிற பஸ்ல, நடு சீட்ல"ன்னு சொல்லும்.

மூணுமே உண்மைதான். எப்படின்னு பார்ப்போம்.

[காட்சி: பழைய தையல் மெஷின், அதன் மிதி.]

எங்க பெரியம்மா அல்சூர்ல முப்பது வருஷமா டைலரிங் பண்றவங்க. பொண்ணோட பிரசவத்துக்கு முதல் தடவையா லண்டன் போனாங்க. போய்ச் சேர்ந்ததும் எனக்கு போன். பேத்தி பிறக்கப் போற சந்தோஷமெல்லாம் அப்புறம்தான். முதல் வார்த்தையே, "டேய், காலு ரெண்டும் தூண் மாதிரி வீங்கிடுச்சுடா. செருப்புக்குள்ள போக மாட்டேங்குது."

பேத்தியோட முதல் பிறந்தநாளுக்கு அவங்க மறுபடி கிளம்பினப்ப, உட்கார்ந்து ஒண்ணொண்ணா சொல்லிக் கொடுத்தேன். அதுதான் இந்த வீடியோ.

முதல்ல குன்னூர் கதை.

[திரையில்: பெங்களூரு 3,000 அடி – குன்னூர் 6,000 அடி – ஊட்டி 7,300 அடி]

ப்ளைட் 35,000 அடி உயரத்துல பறக்குது. அங்க இருக்கிற காத்தை வச்சு மனுஷன் மூச்சு விட முடியாது. அதனால உள்ள காத்தை அழுத்தி நிரப்பறாங்க. ஆனா நம்ம ஊர் தரையில இருக்கிற அளவுக்கு அழுத்தினா விமானத்தோட உடம்பு அந்த பாரத்தைத் தாங்கற மாதிரி இன்னும் கனமா கட்டணும். அதனால ஒரு சமரசம். உள்ள இருக்கிற காத்தழுத்தம், அதிகபட்சம் 8,000 அடி உயர மலையில இருக்கிற மாதிரி வச்சுக்கறாங்க. அதாவது ஊட்டிக்கும் கொஞ்சம் மேல. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 மாதிரி புது விமானங்கள்ல இது 6,000 அடி. சரியா குன்னூர்.

டிக்கெட் போடும்போது எந்த விமானம்னு பார்க்கிற பழக்கம் நம்ம யாருக்கும் கிடையாது. விலை ஒரே மாதிரி இருந்தா பாருங்க. 2,000 அடி வித்தியாசம் இறங்கறப்ப உடம்புல தெரியலாம்.

அழுத்தம் குறைஞ்சா காத்து விரியும். சிப்ஸ் பாக்கெட் ப்ளைட்ல பலூன் மாதிரி உப்பறது அதனாலதான். உங்க வயித்துக்குள்ள இருக்கிற காத்துக்கும் அதே விதி. 8,000 அடி கணக்குல, சென்னையில ஏறினவருக்கு வயித்துக் காத்து மூணுல ஒரு பங்கு விரியும். பெங்களூருக்காரங்க ஏற்கனவே 3,000 அடி மேல குடியிருக்கிறதால நமக்கு ஐஞ்சுல ஒரு பங்குதான். இந்த ஊர் ட்ராஃபிக்குக்கு ஏதோ ஒரு நஷ்டஈடு கிடைக்கணும் இல்லையா.

ஆனாலும் முந்தின ராத்திரி கொண்டக்கடலை சுண்டல், ராஜ்மா, கூல் டிரிங்க்ஸ் வேண்டாம். இடுப்பை இறுக்கற ஜீன்ஸும் வேண்டாம். பெரியம்மாவுக்குச் சொன்னது, பழைய காட்டன் சுடிதார், மேல ஒரு ஸ்வெட்டர், கால்ல சாக்ஸ்.

இதய நோய், நுரையீரல் நோய் இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. குன்னூர் உயரத்துல ரத்தத்துல ஆக்சிஜன் கொஞ்சம் குறையும். நல்லா இருக்கிறவங்களுக்கு லேசா தூக்கம் வரும், அவ்வளவுதான். உங்களுக்கு அப்படி இல்லாம போகலாம். டாக்டர்கிட்ட கேட்காம டிக்கெட் போடாதீங்க.

[காட்சி: சாப்பாட்டுத் தட்டு, ஒரு டம்ளர் தக்காளி ஜூஸ்.]

அடுத்து, "ப்ளைட் சாப்பாடு மண்ணு மாதிரி இருக்கு"ங்கிற புகார். சமைச்சவர் மேல முழுப் பழியும் போட முடியாது. ஜெர்மனியில ஃபிரவுன்ஹோஃபர் ஆராய்ச்சி நிலையம், லுஃப்தான்சாவுக்காக ஒரு சோதனை பண்ணுச்சு. பழைய ஏர்பஸ் விமானத்தோட உடம்பை அழுத்தம் குறைக்கிற கூண்டுக்குள்ள வச்சு, உள்ள ஆட்களை உட்கார வச்சு சாப்பாடு போட்டாங்க. உப்பு 20-லேர்ந்து 30 சதவீதம் குறைவா தெரிஞ்சுது. இனிப்பு 15-லேர்ந்து 20 சதவீதம் குறைவு. ஆனா தக்காளியில ஒரு ஆழமான ருசி இருக்கு பாருங்க, ரசத்துல வர்ற அந்த ருசி, அது குறையல. ப்ளைட்ல தக்காளி ஜூஸ் ஏன் அவ்வளவு ஓடுதுங்கிற கேள்விக்கு அப்பதான் பதில் கிடைச்சுது. என்னைக் கேட்டா, யாராவது ஒரு ஏர்லைன்ஸ் தைரியமா டம்ளர்ல தக்காளி ரசம் கொடுத்துப் பார்க்கணும்.

சைவம் சாப்பிடறவங்க கவனிக்க வேண்டிய விஷயம் இது. புக் பண்ணும்போது 'வெஜிடேரியன்'னு போட்டிருக்கிற முதல் பெட்டியை அமுக்கிடாதீங்க. வி.ஜி.எம்.எல்.னு இருந்தா அது பால், தயிர், வெண்ணெய் எதுவுமே இல்லாத வீகன் சாப்பாடு. நம்ம மாதிரி மசாலாவும் தயிரும் வேணும்னா ஏ.வி.எம்.எல். பெரியம்மாவுக்கு முதல் தடவை வந்தது வேகவச்ச காய்கறியும் ஒரு ஆப்பிளும். காரணம் இதுதான். கிளம்பறதுக்கு 24 மணி நேரத்துக்கு முன்னாடியே சொல்லியாகணும். கூடவே கையில மிளகாய்ப்பொடி தடவின இட்லி. ரயிலுக்குக் கட்டற அதே பொட்டலம்தான், ஆனா வாசனை பக்கத்து சீட்டைத் தாண்டாத மாதிரி நல்லா மூடின டப்பாவுல. தயிர் சாதம், சட்னியெல்லாம் செக்யூரிட்டியில 100 மில்லி விதியில மாட்டிக்கும்.

இப்ப பாலைவனம்.

வெளிய காத்து மைனஸ் 50 டிகிரி. அதுல ஈரமே இருக்காது. அதைத்தான் அழுத்தி, பதமான சூட்டுக்குக் கொண்டு வந்து உள்ள விடறாங்க. அதனால உள்ள ஈரப்பதம் 10-லேர்ந்து 20 சதவீதம்தான். மூக்கு எரியும், உதடு வெடிக்கும், கண்ணு மணல் விழுந்த மாதிரி உறுத்தும். கான்டாக்ட் லென்ஸ் போடறவங்க அன்னிக்குக் கண்ணாடி போட்டுக்கோங்க. உதட்டுக்கு வாஸ்லின். காலி பாட்டிலை எடுத்துட்டுப் போய், செக்யூரிட்டி தாண்டினதும் நிரப்பிக்கோங்க. மடக்கு மடக்குனு ரெண்டு லிட்டர் குடிக்கச் சொல்லல. அப்படிக் குடிச்சா ஜன்னல் சீட்லேர்ந்து பத்து தடவை ரெண்டு பேரை எழுப்பணும். அரை மணிக்கு ஒரு வாய், போதும்.

[காட்சி: சீட் வரிசை. திரையில்: அகலம் 17–18 இன்ச்]

மூணாவது, கால். இதுல நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கப் போறேன்.

எகானமி சீட்டோட அகலம் 17, 18 இன்ச். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி", கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கன்னு கன்னடத்துல சொல்லியே பெங்களூர் ஓடுது, ஆனா இங்க அட்ஜஸ்ட் பண்ண இடமே கிடையாது. பிரச்சினை அகலத்துல கூட இல்லை. அசையாம உட்கார்றதுலதான் இருக்கு.

இதயம் ரத்தத்தைக் கீழே அனுப்பிடும். ஆனா பாதத்துலேர்ந்து திரும்ப மேல ஏத்தற வேலையில பெரும்பங்கு கெண்டைக்கால் சதையோடது. ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் அந்தச் சதை இறுகி, ரத்தக் குழாயைப் பிழிஞ்சு ரத்தத்தை மேல தள்ளுது. கை பம்பு மாதிரி. நீங்க உட்கார்ந்துட்டா பம்பு அடிக்க ஆள் இல்லை. நீர் கீழேயே தேங்கும், கால் வீங்கும். பெரும்பாலும் இது வெறும் வீக்கம், ஒரு நாள்ல வடிஞ்சுடும். அபூர்வமா உள்ள ரத்தம் உறையும். அது ஆபத்து.

உலக சுகாதார நிறுவனம் 2007-ல வெளியிட்ட அறிக்கை சொல்றது, 4 மணி நேரத்துக்கு மேல ஒரே இடத்துல உட்கார்ந்து பயணம் பண்ணினா இந்த உறைவுக்கான வாய்ப்பு ஏறக்குறைய ரெண்டு மடங்கு ஆகுதுன்னு. நல்ல ஆரோக்கியமா இருக்கிறவங்கள்ல 6,000 பேருக்கு ஒருத்தர்ங்கிற அளவு. பயப்படற எண்ணிக்கை இல்லை. ஆனா ப்ளைட்டுக்கு மட்டும்னு நினைச்சுடாதீங்க, பஸ், கார், ரயில் எல்லாத்துக்கும் இதே கணக்கு. கர்ப்பிணிகள், சமீபத்துல ஆபரேஷன் ஆனவங்க, முன்னாடி ரத்தம் உறைஞ்சவங்க இவங்களுக்கு வாய்ப்பு கூடுதல். அழுத்தம் கொடுக்கிற சாக்ஸ் வேணுமான்னு டாக்டரைக் கேளுங்க.

இதை இவ்வளவு விளக்கி, "அதனால கெண்டைக்காலை அசைக்கணும் பெரியம்மா, குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்கணும், அப்புறம் முன்பாதத்தை ஊன்றி குதிகாலைத் தூக்கணும்"னு செஞ்சு காட்டினேன்.

அவங்க ஒரு நிமிஷம் பார்த்துட்டு, "இது மெஷின் மிதிக்கிறதுடா"ன்னாங்க.

அதேதான். என்கிட்ட இதுக்கு மேல விளக்கம் இல்லை. மணிக்கு ஒரு தடவை, ஒரு ஜாக்கெட் தைக்கிற அளவுக்கு மிதிங்க. ரெண்டு மணிக்கு ஒரு தடவை எழுந்து பின்பக்க டாய்லெட் வரைக்கும் ஒரு நடை. அதுக்குத்தான் நடைபாதை ஓரத்து சீட். தூக்கம் முக்கியம்னா ஜன்னல். நடு சீட்டுக்கு என்கிட்ட அறிவுரை கிடையாது, அனுதாபம் மட்டும்தான்.

[காட்சி: ஹெட்ஃபோன். இரண்டு அலைகள் ஒன்றையொன்று அழிக்கும் வரைபடம்.]

உடம்பு ஒரு வழிக்கு வந்தாச்சு. இனி பொழுது போகணும். அதுக்கு எதிரி இன்ஜின் சத்தம். விடாத 'ம்ம்ம்' ஒண்ணு, ஏறக்குறைய 80 டெசிபல். அது காதை மட்டும் இல்லை, ஆளையே சோர்வாக்கும்.

1978-ல அமர் போஸ்னு ஒரு பேராசிரியர் ஜூரிக்லேர்ந்து பாஸ்டனுக்கு ப்ளைட்ல போறார். அவங்க அப்பா வங்காளத்துல சுதந்திரப் போராட்டத்துல இருந்து, அமெரிக்காவுக்குக் குடிபோனவர். ப்ளைட்ல கொடுத்த ஹெட்ஃபோனைப் போட்டுப் பாட்டுக் கேட்கறார், இன்ஜின் இரைச்சல்ல பாட்டே கேட்கல. நாமளா இருந்தா கழட்டி வச்சுட்டுத் தூங்கியிருப்போம். இவர் பேப்பர் எடுத்துக் கணக்குப் போட ஆரம்பிச்சார். வெளிச்சத்தத்தை ஒரு மைக் கேட்கணும். அந்த அலை மேடா இருக்கிற இடத்துல பள்ளமா, பள்ளமா இருக்கிற இடத்துல மேடா ஒரு எதிர் அலையைக் காதுக்குள்ள விடணும். ரெண்டும் சேர்ந்தா அமைதி. சத்தம் குறைக்கிற போஸ் ஹெட்செட் முதல்ல விமானிகளுக்குத்தான் விற்பனைக்கு வந்துச்சு, 1989-ல. நமக்குக் கிடைக்க இன்னும் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு.

இது ஒரே மாதிரி ஓடற சத்தத்தைத்தான் நல்லா அடக்கும். நாலு வரிசை தள்ளி அழற குழந்தையை அடக்காது. அதுக்கு இன்னும் யாரும் கணக்குப் போடல.

வயர் மறக்காதீங்க. நான் ஒரு தடவை ப்ளூடூத் ஹெட்ஃபோனை மட்டும் பெருமையா எடுத்துட்டுப் போய், அது சீட் திரையோட சேராம, ஒரு முழுப் படத்தை ஊமைப் படமா பார்த்திருக்கேன். திரையில தமிழ்ப் படம் இருக்கும்னும் நம்ப வேண்டாம். போன்லயே இறக்கி வச்சுக்கோங்க. இறக்கினதோட விடாம, வீட்டுலயே ஏரோப்ளேன் மோடு போட்டு ஓடுதான்னு பாருங்க.

என்ன படம் இறக்கறது? புதுப் படம் வேண்டாம்ங்கிறது என் கட்சி. பத்து தடவை பார்த்த படமா எடுங்க. நடுவுல தூங்கலாம், சாப்பாடு வந்தா நிறுத்தலாம், வசனம் சரியா கேட்கலைன்னாலும் உங்களுக்கே மனப்பாடம். பெரியம்மாவுக்கு வடிவேலு காமெடி நாலு மணி நேரம், பழைய பாட்டு மூணு மணி நேரம், ஒரு குறுக்கெழுத்துப் புத்தகம்.

பவர் பேங்க் கைப்பையிலதான் இருக்கணும், பெட்டியில போடவே கூடாது. 100 வாட்-ஹவர் வரைக்கும் அனுமதி, 20,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க் சுமார் 74 வாட்-ஹவர்தான். ஆனா உள்ள பயன்படுத்த விடறாங்களான்னு உங்க ஏர்லைன்ஸ்ல கேட்டுக்கோங்க. எமிரேட்ஸ் 2025 அக்டோபர் 1-லேர்ந்து பயன்படுத்தவே கூடாதுன்னுட்டாங்க.

தூக்கத்துக்கு ஒரே ஒரு தந்திரம். போர்வைக்கு மேல பெல்ட் போடுங்க. ப்ளைட் ஆடும்போது பெல்ட் போட்டிருக்கீங்களான்னு பார்க்க உங்களை எழுப்ப வேண்டியிருக்காது. காலையில கிளம்பி மேற்கே போற ப்ளைட்னா சூரியனும் கூடவே வரும். தூக்கம் வரலைன்னா விட்டுடுங்க, அங்க போய் ராத்திரி தூங்கலாம்.

[காட்சி: மேகம் விலகி, கீழே ஓடுபாதை.]

இறங்கும்போது காது. மேல ஏறும்போது காதுக்குள்ள இருக்கிற காத்து தானா வெளிய போயிடும். இறங்கும்போது வெளிக்காத்து உள்ள வரணும், ஆனா காதையும் தொண்டையையும் இணைக்கிற குழாய் லேசுல திறக்காது. விழுங்கினா திறக்கும். தூக்கத்துல நாம விழுங்கறது குறைவு. அதனால தரையிறங்க அரை மணி முன்னாடியே முழிச்சுக்கோங்க, வாயில ஒரு இஞ்சி மரப்பா. கைக்குழந்தைக்கு அந்த நேரத்துல பால் கொடுங்க. கடும் சளி இருந்தா கிளம்பறதுக்கு முன்னாடி டாக்டரைப் பாருங்க.

பெரியம்மா ரெண்டாவது தடவை போய்ச் சேர்ந்ததும் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. அதை அப்படியே போடறேன்.

[ஒலி: வாட்ஸ்ஆப் குரல் பதிவு]

"செருப்பு சரியா இருக்குடா. பக்கத்துல ஒரு வெள்ளைக்காரம்மா, நான் மெஷின் மிதிக்கிறதையே பார்த்துட்டிருந்தாங்க. எனக்கு இங்கிலீஷ்ல சொல்ல வரல. காலைக் காட்டினேன், கையால ஊசி ஓடற மாதிரி காட்டினேன். அப்புறம் ரெண்டு பேரும் மிதிச்சோம். இஞ்சி மரப்பா ரெண்டு அவங்களுக்கும் கொடுத்தேன், காரம்னு கண்ணுல தண்ணி வந்துடுச்சு பாவம். சரி, குழந்தை முழிச்சுட்டா, வைக்கிறேன்."