‘ஐ கன்சோல் யூ’ என்று யாரும் எழுதுவதில்லை

நேயர்களுக்கு வணக்கம்.

சாவுச் செய்தி இப்போதெல்லாம் கைப்பேசியில்தான் முதலில் வருகிறது. கூட வேலை பார்ப்பவரின் தந்தை தவறிவிட்டார் என்று அலுவலகக் குழுவில் ஒருவர் போடுகிறார். அடுத்த நிமிடத்திலிருந்து வரிசையாக ஆங்கிலம். அனுப்புகிறவருக்கும் தமிழ் தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும், ஆனாலும் ஆங்கிலம்தான். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. நேரில் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும் விஷயத்தை இரவல் மொழியில் எழுதிவிட்டு நகர்வது பலருக்குச் சுலபமாக இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் எழுதுவதென்று வந்தால் எந்தச் சொல்லை எழுதுகிறோம் என்பது முக்கியம். சாதாரண நாளில் கண்ணில் படாத பிழை, துக்கத்தில் இருப்பவர் கண்ணில் நெருடும்.

சிக்கல் அகராதியிலேயே தொடங்குகிறது. கன்சோல், கன்சொலேஷன், சாலஸ், கம்ஃபர்ட் என்று எதைப் புரட்டிப் பார்த்தாலும் எதிரே ‘ஆறுதல்’ என்று போட்டிருக்கும். எல்லாம் ஒன்றுதானே என்று கைக்கு வந்ததை எடுத்துவிடுகிறோம்.

நான் ஆங்கிலம் கற்பிக்கிறவள். இரங்கல் கடிதம் எழுதச் சொன்னால் வகுப்பில் தவறாமல் வருகிற வாக்கியம், “ஐ கன்சோல் யூ.” இலக்கணத்தில் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஆங்கிலத்தில் புழங்குகிறவர் யாரும் இப்படி எழுத மாட்டார். கன்சோல் என்பது பக்கத்திலிருந்து பார்க்கிறவர் சொல்லும் வினை. அழுதுகொண்டிருந்தவளை அவளுடைய அக்கா கன்சோல் செய்தாள் என்றால் சரி. தோளில் கை வைத்தாள், தண்ணீர் கொடுத்தாள், பக்கத்தில் உட்கார்ந்தாள், எல்லாம் அதில் அடங்கிவிடும். அழுகிறவளிடமே போய் “நான் உன்னை கன்சோல் செய்கிறேன்” என்றால், செய்ய வேண்டியதைச் செய்யாமல் அறிக்கை விட்டுப் போவதாக ஆகிவிடும். தமிழில் மட்டும் என்ன, துக்க வீட்டில் நுழைந்து “நான் உங்களைத் தேற்றுகிறேன்” என்று யாராவது சொல்வார்களா?

உச்சரிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த வினையில் அழுத்தம் இரண்டாவது அசையில், ‘சோல்’ என்பதில் விழ வேண்டும். முதல் அசையில் அழுத்தினால் பிள்ளைகள் வீடியோ கேம் ஆடுகிற பெட்டியாகிவிடும்.

அடுத்து சாலஸ். கேட்க அழகான சொல் என்பதாலோ என்னவோ, இதன் மேல் மாணவர்களுக்குத் தனி ஆசை. “ப்ளீஸ் அக்செப்ட் மை சாலஸ்” என்று எழுதிவிடுகிறார்கள். ‘மை சாலஸ்’ என்றால் எனக்கு ஆறுதலாக இருப்பது என்று பொருள். என் சங்கீதம், என் தோட்டம், என் பேத்தி. துக்கப்படுகிறவரிடம் போய் என் ஆறுதலை வாங்கிக்கொள் என்று நீட்டினால் அவர் என்ன செய்வார்?

சாலஸ் எந்த வினைகளோடு சேர்ந்து வருகிறது என்று கவனித்தால் அதன் சுபாவம் தெரிந்துவிடும். ஃபைண்ட், சீக், டேக். தேடுவது, கண்டடைவது, எடுத்துக்கொள்வது. மூன்றையும் செய்கிறவர் துக்கத்தில் இருப்பவர்தான். கணவனை இழந்தவள் இசையில் சாலஸ் கண்டாள் என்பார்கள், நடுவில் ‘இன்’ வரும். தருகிறதாகவும் சொல்வதுண்டு, ஆனால் அங்கே தருவது பெரும்பாலும் ஒரு புத்தகம், ஒரு பிரார்த்தனை, ஒரு நினைவு. அனுதாபம் தெரிவிக்க வந்தவர் தன்னைப் பற்றியே சொல்லிக்கொள்ளும் சொல் அல்ல அது.

நமக்கு இதைப் புரிந்துகொள்வது கஷ்டமே இல்லை. புண் ஆறுகிறது, காய்ச்சலில் கிடந்தவர் தேறுகிறார். இவை தானாக நடப்பவை. ஆற்றுவதும் தேற்றுவதும் பிறர் செய்வது. ஒற்றை றகரமா, இரட்டையா என்பதில் தமிழ் இதைப் பிரித்துவிடுகிறது. சாலஸ் ஆறுகிற பக்கம், கன்சோல் ஆற்றுகிற பக்கம். லத்தீனில் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்றாலும் ஆங்கிலத்தில் ஆளுக்கொரு பக்கமாகப் போய்விட்டன.

இன்னொரு சொல் கண்டோலன்ஸ், அதாவது இரங்கல். இது மரணத்துக்கு மட்டும். கூடச் சேர்ந்து நோவது என்பது வேர்ப்பொருள். எழுதும்போது பன்மையில், கடைசியில் ‘எஸ்’ சேர்த்து எழுத வேண்டும். தேர்வில் தோற்ற பையனுக்கு இதை அனுப்பினால் கிண்டல் செய்வதாகத்தான் எடுத்துக்கொள்வான்.

கன்சொலேஷன் சங்கதி வேறு. 2014 ஜூலை 8, உலகக் கோப்பைக் கால்பந்து அரையிறுதி. சொந்த மண்ணில் பிரேசில் ஆடுகிறது. 79ஆவது நிமிடத்தில் ஜெர்மனியின் ஏழாவது கோல் விழுந்துவிட்டது, பிரேசிலுக்கு ஒன்றுமில்லை. 90ஆவது நிமிடத்தில் பிரேசிலின் ஆஸ்கார் ஒரு கோல் போட்டார். இப்படித் தோல்வி உறுதியான பிறகு விழும் கோலுக்கு ஆங்கில வர்ணனையாளர்கள் வைத்திருக்கும் பெயர் கன்சொலேஷன் கோல். அதனால் ஆறுதல் அடைந்த பிரேசில்காரர் ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார். பெயர் மட்டும் அப்படி. கன்சொலேஷன் பரிசும் அந்த ரகம்தான். இந்தச் சொல் வந்தாலே நீ தோற்றுவிட்டாய் என்பதும் கூடவே வந்துவிடுகிறது. அதனால் “இஃப் இட்ஸ் எனி கன்சொலேஷன்”, இது உனக்கு ஆறுதலாக இருக்குமென்றால், என்று தொடங்கும் வாக்கியத்தை வேலை கிடைக்காதவரிடமோ ஆட்டத்தில் தோற்றவரிடமோ சொல்லலாம். பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் சொல்லக் கூடாது. அந்த வாக்கியத்துக்குப் பிறகு ஏதாவது ஒரு கணக்கு வந்தே தீரும், அங்கே எந்தக் கணக்கும் எடுபடாது.

கணக்கு என்றதும் ஓர் ஆய்வு ஞாபகம் வருகிறது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பதக்கம் வென்றவர்களின் முகங்களை வைத்து அமெரிக்க உளவியலாளர்கள் மூவர் 1995இல் வெளியிட்டது. வெள்ளி வாங்கியவர்களைவிட வெண்கலம் வாங்கியவர்கள் முகத்தில் மகிழ்ச்சி கூடுதலாகத் தெரிந்தது. வெள்ளிக்காரருக்குக் கைநழுவிய தங்கம்தான் கண்ணில் நிற்கிறது. வெண்கலக்காரரோ, வெறுங்கையோடு போகாமல் தப்பித்தோமே என்று நினைக்கிறார். ‘அட்லீஸ்ட்’ இதாவது கிடைத்ததே என்பது அவரே தனக்குச் சொல்லிக்கொள்வது, அதனால்தான் வேலை செய்கிறது. அதே அட்லீஸ்டை எதிரில் இருப்பவர் சொல்லட்டும், “அட்லீஸ்ட் வயசாகித்தானே போனார்” என்று, கேட்கிறவருக்கு எப்படி இருக்கும்?

இதற்கெல்லாம் பழைய உதாரணம் பைபிளில் வரும் யோபுவின் நண்பர்கள். எல்லாவற்றையும் இழந்து கிடந்த அவரோடு ஏழு நாள் வாயே திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் நல்ல நண்பர்கள். பிறகு பேசத் தொடங்கினார்கள், நீ ஏதோ பாவம் செய்திருக்க வேண்டும் என்று. ஆறுதல் என்ற பெயரில் நோகடிக்கிறவரை ஜோப்ஸ் கம்ஃபர்ட்டர், யோபுவைத் தேற்ற வந்தவர், என்று ஆங்கிலத்தில் இன்றும் சொல்கிறார்கள். கம்ஃபர்ட் என்பதன் லத்தீன் வேரில் வலிமை என்ற பொருள் இருக்கிறது, வலுவூட்டுவதுதான் அதன் பழைய பொருள். யோவான் சுவிசேஷத்தில் 1611 ஆங்கில மொழிபெயர்ப்பு கம்ஃபர்ட்டர் என்று சொல்லும் இடத்தில் தமிழ் வேதாகமம் ‘தேற்றரவாளன்’ என்கிறது. எவ்வளவு கம்பீரமான சொல்! அந்தக் கம்ஃபர்ட் இன்று சொகுசு மெத்தைக்கும் மெத்தென்ற செருப்புக்கும் விளம்பரமாகிவிட்டது, அது அதன் விதி.

சரி, உண்மையிலேயே நன்றாக எழுதப்பட்ட ஆறுதல் எப்படி இருக்கும்? ஆங்கிலத்தில் இதற்கு எப்போதும் காட்டப்படுவது 1864 நவம்பர் 21 தேதியிட்ட ஒரு சிறு கடிதம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஐந்து மகன்களைப் பலிகொடுத்ததாகச் சொல்லப்பட்ட பாஸ்டன் விதவை லிடியா பிக்ஸ்பிக்கு ஜனாதிபதி லிங்கன் பெயரில் போனது. இத்தனை பெரிய துக்கத்திலிருந்து உங்கள் மனத்தைத் திருப்ப என் சொற்கள் எவ்வளவு பலமற்றவை என்று முதலில் ஒப்புக்கொள்கிறது. அதற்குப் பிறகே கன்சொலேஷன் என்ற சொல் வருகிறது, அதுவும் சுற்றி வளைத்து. இந்தக் குடியரசின் நன்றியில் ‘காணக்கூடிய’ ஆறுதலை உங்கள் முன் வைக்கிறேன் என்கிறது. காண வேண்டியவர் அந்தத் தாய். ‘மே பீ ஃபௌண்ட்’ என்ற அந்த மூன்று சொற்களுக்காகவே வகுப்பில் இதைத் திரும்பத் திரும்ப எடுத்து வைப்பேன். நாட்டையே ஆள்கிறவர் பெயரில் போகிற கடிதம்கூட, இதோ ஆறுதல், பிடி என்று கையில் திணிக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஐந்து பேருமே சாகவில்லை, போர்க்களத்தில் இறந்தவர்கள் இருவர்தான் என்று பின்னால் தெரிந்தது. எழுதியது லிங்கன்தானா, அவருடைய செயலர் ஜான் ஹேயா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். மூலக் கடிதமும் கிடைக்கவில்லை. தகவல் தப்பு, ஆசிரியர் யாரென்று சந்தேகம், ஆனாலும் கடிதம் நிற்கிறது.

நாம் லிங்கன் மாதிரி எழுத வேண்டியதில்லை. “ஐ ஆம் ஸோ சாரி” போதும். பலர் நினைப்பதுபோல சாரி என்ற சொல், துக்கம் என்ற பொருளுள்ள ‘சாரோ’விலிருந்து வந்ததல்ல, புண் என்ற பொருளுள்ள ‘சோர்’ அதற்கு உறவு. மன்னிப்புக்கும் துக்கத்துக்கும் ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல் என்பதால், யாராவது சாரி சொன்னால் “நீங்கள் என்ன செய்வீர்கள், உங்கள் தவறில்லையே” என்று பதில் சொல்கிறவர்கள் உண்டு. “தேங்க் யூ” என்றால் போதும். எழுதுகிறவர்கள் சாரிக்கு அடுத்த வரியில் இறந்தவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை எழுதுங்கள். உங்கள் அப்பா என்னை எப்போது பார்த்தாலும் சாப்பிட்டாயா என்று கேட்பார் என்று. அந்த வரியை மட்டும் தமிழிலேயே எழுதினாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

வணக்கம்.