ஹார்ட் டிஸ்க்கே இல்லாத கம்ப்யூட்டர்! ஸ்கிரிப்டில் ஒரு வரி தப்பினால் மொத்தமும் உறைந்துவிடும்

(திரையில்: பெட்டி திறந்த கம்ப்யூட்டர், உள்ளே டிஸ்க் இல்லை)

வணக்கம். இந்தப் பெட்டிக்குள் ஹார்ட் டிஸ்க் கிடையாது, எஸ்எஸ்டி கிடையாது, பென் டிரைவும் கிடையாது. ஆனாலும் சுவிட்சைப் போட்டால் லாகின் வரை வந்துவிடும். தொடங்கும்போது தானாக ஓடும் கட்டளைப் பட்டியலான ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டில் நெட்வொர்க்கை அணைத்துத் திரும்பப் போடும் ஒரு வரி இருந்தால் போதும், அங்கேயே நின்றுவிடும். ஏன்?

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நெட்வொர்க் கார்டு, நெட்வொர்க் வழியாகவே பூட் ஆகும் பிஎக்ஸ்இ முறையில் ஐபி முகவரி வாங்கி, சிஸ்டத்தைத் தொடங்கிவைக்கும் பூட் லோடரை இறக்கும். அது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலை ஏற்றும். கெர்னல், எல்லா ஃபைலுக்கும் தலைமையாக சர்வரில் இருக்கும் ரூட் டைரக்டரியை, என்எஃப்எஸ் என்ற நெட்வொர்க் ஃபைல் பகிர்வு முறை வழியாக மவுன்ட் செய்யும், அதாவது தன் சொந்த டிஸ்க் போல இணைத்துக்கொள்ளும். அவ்வளவுதான்.

இப்போது யோசியுங்கள். ரூட்டே அந்த ஒயர் வழியாகத்தான் வருகிறது. நெட்வொர்க்கை அணைத்தால், திரும்பப் போடும் புரோகிராமைப் படிக்கக்கூட வழியில்லை. உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டுவதுபோல. லினக்ஸில் 'சர்வர் பதில் தரவில்லை, இன்னும் முயல்கிறேன்' என்ற பொருளில் ஒரு வரி திரையில் வந்து நிற்கும். ஷட்டவுனிலும் இதே ஆபத்து உண்டு. அதனால் முதல் விதி, கெர்னல் வாங்கி வைத்த ஐபி-யை ஸ்கிரிப்ட் தொடவே கூடாது.

சரி, எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருவோம். எல்லா மெஷினுக்கும் ஒரே ரூட், அதுவும் படிக்க மட்டும். அப்படியானால் மெஷினின் சொந்தப் பெயரான ஹோஸ்ட்நேமும், நடப்பதைப் பதியும் லாகும் எங்கே போகும்? லினக்ஸ் போன்ற இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டமான ஃப்ரீபிஎஸ்டி-யில் ஆர்சி டாட் இனிட்டிஸ்க்லெஸ் என்று ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது. அது ரேமில் ஒரு சின்ன ஃபைல் சிஸ்டத்தை உருவாக்கி, செட்டிங்ஸ் ஃபைல்கள் இருக்கும் 'இடிசி' டைரக்டரி மேல் மவுன்ட் செய்யும். மவுன்ட் செய்தவுடன் பழைய இடிசி மறைந்துவிடும். எதிலிருந்து நகல் எடுப்பது? அதே டைரக்டரியை சர்வரிலிருந்து 'கான்ஃப்' டைரக்டரிக்குள் இன்னொரு முறை மவுன்ட் செய்து, அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். அழகான வேலை!

அதோடு நிற்கவில்லை. கான்ஃப் உள்ளே முதலில் 'பேஸ்', அப்புறம் 'டிஃபால்ட்', கடைசியில் அந்த மெஷினின் ஐபி பெயரில் இருக்கும் டைரக்டரி என்று ஒன்றன்மேல் ஒன்றாக நகல் விழும். பின்னால் வருவது முன்னால் வந்ததை மாற்றி எழுதும். ஒரு மெஷினுக்கு மட்டும் வேறு பிரின்டர் வேண்டுமா? அதன் ஐபி டைரக்டரியில் ஒரே ஒரு ஃபைல் வைத்தால் முடிந்தது. என் கருத்து, அந்த டைரக்டரி எவ்வளவு காலியாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. எல்லா மெஷினுக்கும் பொதுவான மாற்றமெல்லாம் டிஃபால்ட்டிலேயே தீரட்டும்.

லினக்ஸில் இந்த வேலையை, படிக்க மட்டுமான ரூட்டின் மேல் எழுதக்கூடிய ஓர் அடுக்கைப் போடும் ஓவர்லே ஃபைல் சிஸ்டம் செய்துவிடுகிறது.

ரேம் ஃபைல் சிஸ்டத்தின் அளவைச் சொல்லாவிட்டால் ஃப்ரீபிஎஸ்டி 10,240 செக்டர், அதாவது 5 எம்பி மட்டும் ஒதுக்கும். இடிசி-க்குப் போதும். 'வார்' டைரக்டரிக்கு லாக் வர ஆரம்பித்தால் போதாது. அந்த அளவைச் சொல்லும் 'எம்டி சைஸ்' ஃபைலில் பெரிய எண்ணாகப் போடுங்கள், லாகை நெட்வொர்க் வழியாக சர்வருக்கே அனுப்பிவிடுங்கள். மெஷினை அணைத்தால் ரேமில் இருந்த லாகும் போய்விடும் அல்லவா?