‘அவன்’ எப்போது ‘அவர்கள்’ ஆனான்?

வணக்கம். பழைய அச்சுக்கூடங்களில் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்து ஒரு பக்கத்தை அமைப்பார்கள். அப்புறம் அந்தப் பக்கத்தை அப்படியே வார்ப்பு எடுத்து, உலோகத்தை உருக்கி ஊற்றி, ஒரே தகடாக ஆக்கிவிடுவார்கள். அதை வைத்து எத்தனை ஆயிரம் பிரதி வேண்டுமானாலும் அடிக்கலாம். நடுவில் ஒரு எழுத்தைத் திருத்துவதுதான் பெரும்பாடு. அந்தத் தகட்டின் பெயர் ஸ்டீரியோடைப். 1922இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன், நம் மண்டைக்குள் முன்கூட்டியே வார்த்து வைத்திருக்கும் சித்திரங்களுக்கு அந்தச் சொல்லை எடுத்து வைத்தார்.

அரசியல் மேடையில் இந்தத் தகடு எப்படி ஓடுகிறது என்று கவனியுங்கள். நம்ம ஆள் ஒருவன் தப்பு செய்தால், ‘அவன் ஒரு மாதிரி’ என்று முடித்துக்கொள்கிறோம். அடுத்த மதத்துக்காரன் அதே தப்பைச் செய்தால், ‘அவங்களே அப்படித்தான்’. கேட்டால் பழமொழி தயாராக இருக்கிறது: ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். சோற்றுக்குச் சரி. ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே நெருப்பு. மனிதர்கள் எந்தப் பானையில் ஒன்றாக வெந்தார்கள்?

1941 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கியது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் மீது சந்தேகம் திரும்பியது. அந்தப் பகுதியின் ராணுவப் பொறுப்பில் இருந்த ஜெனரல் டிவிட், 1942 பிப்ரவரியில் மேலிடத்துக்கு அனுப்பிய பரிந்துரையில் ஒரு வாதம் வருகிறது. இதுவரை நாசவேலை எதுவும் நடக்கவில்லை. நடக்கவில்லை என்பதே இனி நடக்கப்போகிறது என்பதற்கு அறிகுறி! இரண்டு தடவை படித்த பிறகுதான் என்னால் நம்ப முடிந்தது. செய்தால் துரோகி. செய்யாவிட்டால், சமயம் பார்த்துக் காத்திருக்கும் துரோகி. எந்தச் சாட்சியைக் கூட்டிவந்து இதற்குப் பதில் சொல்வீர்கள்?

அதே மாதம் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். சுமார் 1,20,000 பேர், கையால் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு தடுப்பு முகாம்களுக்குப் போக நேர்ந்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். 1988இல் அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடு எஞ்சியிருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் தரச் சட்டம் போட்டது. இடையில் 46 வருஷம் ஓடிப்போயிருந்தது.

‘அப்படியென்றால் எந்த மதத்தையும் விமர்சிக்கவே கூடாதா?’ என்று யாராவது எழுந்து கேட்பீர்கள். தாராளமாக விமர்சியுங்கள். ஒரு அமைப்பின் தீர்மானமா, ஒரு மதத்தலைவரின் பேச்சா? ஆளைச் சொல்லி, தேதியைச் சொல்லிப் பேசுங்கள். சொன்னவர் பதில் சொல்லட்டும். ‘அவர்கள்’ என்று பேசினால், அந்தப் பேச்சையே கேட்டிராத ஒரு பக்கத்து வீட்டுக்காரர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பாராட்டுக்கும் இதே கதைதான். ‘அவங்க எல்லாம் கெட்டிக்காரங்க’ என்பதும் அந்தத் தகட்டில் அடித்த பிரதியே.

நானும் யோக்கியன் இல்லை. ஒரு கூட்டத்தில், எதிர்த்தரப்புக்கு ஓட்டுப் போட்டவர்கள் அத்தனை பேரும் மதவெறியர்கள் என்று முழங்கினேன். நல்ல கைதட்டல். இறங்கி வந்தபோது வயதான ஒருவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். “தம்பி, நானும் அவங்களுக்குத்தான் போட்டேன். எதுக்குப் போட்டேன்னு கேட்கலையே?” என்றார். அப்போதுதான் கேட்டேன். அவர் சொல்லி முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. மதம் என்ற வார்த்தை அதில் ஒருமுறைகூட வரவில்லை.