ஆய்வுகூடத்தின் சாவி எங்கே?

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, வலயக் கல்விப் பணிமனையிலிருந்து இந்தப் பின்னேரத்தில் மண்முனைப் பாலம் தாண்டி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பணிப்பாளர் அவர்களே, பிரதேச செயலாளர் அவர்களே, ஆலய வண்ணக்கர்மாரே, அருட்தந்தை அவர்களே, காத்தான்குடியிலிருந்து வந்திருக்கும் மௌலவி அவர்களே, வட்டை விதானையார் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, தாய்மாரே, பிள்ளைகளே, எல்லோருக்கும் என் வணக்கம். வயல் வேலை நெருக்கும் நேரத்திலும் வந்திருக்கும் கமக்காரர் அமைப்புத் தலைவருக்குத் தனியாக ஒரு வணக்கம்.

விஞ்ஞானமும் தொழினுட்பமும் கல்வியையும் சமூகத்தையும் எப்படி மாற்றுகின்றன என்று பேசச் சொன்னார்கள். மூன்று விடயங்கள் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று, இணையவழிப் படிப்பு. இரண்டு, செயற்கை நுண்ணறிவு. மூன்று, நம் பள்ளிக்கூடங்களின் ஆய்வுகூடம்.

பணிப்பாளர் அவர்கள் வந்த பாலத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். 2014 வரைக்கும் அங்கே மட்டக்களப்பு வாவியைக் கடக்கப் பாதைதான், அதாவது ஆட்களை ஏற்றும் மிதவைதான் ஓடியது. அது வரும்வரை கரையில் காத்து நின்ற ஆசிரியர்மார் இந்தச் சபையிலும் இருக்கிறார்கள். பாலம் வந்த பிறகு முதலாம் பாட மணிக்கே ஆசிரியர் வகுப்பில் நிற்கிறார். தொழினுட்பம் கல்விக்கு என்ன செய்யும் என்பதற்கு வாவிக்கு மேற்கே இந்தப் படுவான்கரையில் வேறு சாட்சி வேண்டியதில்லை.

இணையவழிப் படிப்பு எப்படி இருந்தது என்பது 2020இல் உங்கள் வீடுகளில் தெரிந்தது. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு போன். கவரேஜ் தேடி வயல் வரம்புக்கும் குளக்கட்டுக்கும் பிள்ளைகள் போனார்கள். வசதி உள்ள வீட்டுப் பிள்ளை முன்னே போனது, இல்லாத வீட்டுப் பிள்ளை பின்னே நின்றது. அதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், பேசட்டும். யாரும் பேசாத ஒன்றுக்கு நான் வருகிறேன்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. என்னிடம் படித்தவர்களுக்கு இந்தப் பழமொழி காதில் ஊறிப் போயிருக்கும். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன், ஏனென்றால் இன்றைக்கும் விஞ்ஞானத்தை ஏட்டில்தான் படிப்பிக்கிறோம்.

சுனாமியை நினைத்துப் பாருங்கள். 2004 டிசம்பர் 26. கல்லடியிலும் நாவலடியிலும் கரையோரக் கிணறுகள் எல்லாம் கடல் தண்ணீராகிப் போயின. நல்ல மனதோடுதான் ஆட்கள் பம்பு கொண்டுவந்து இறைத்தார்கள். ஆனால் இறைக்க இறைக்கப் பல கிணறுகளில் உப்பு குறையவில்லை. காரணம் என்ன? கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற அந்த மணல் நிலத்தின் அடியில் உப்புத் தண்ணீர் கிடக்கிறது. அதன் மேலே நல்ல தண்ணீர் மெல்லிய படையாக மிதக்கிறது. நல்ல தண்ணீர் ஒரு கனமீற்றர் 1000 கிலோ என்றால், கடல் தண்ணீர் 1025 கிலோ அளவில் வரும். அந்த 25 கிலோதான் வித்தியாசம். மேலே இருப்பதை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருப்பது ஏறி வரும். கிணற்றை அடிக்கடி இறைக்காமல் மழைக்கு விட வேண்டும் என்று நிபுணர்கள் பிறகு வந்து சொன்னார்கள். அடர்த்திப் பாடத்தை நம் பிள்ளைகள் எல்லோரும் படித்திருந்தார்கள், சோதனையில் புள்ளியும் எடுத்திருந்தார்கள். அந்தப் பாடம் கிணற்றடிக்கு வரவில்லை. ஏட்டுச் சுரைக்காய் என்று நான் சொல்வது இதைத்தான்.

இனி ஒரு கதை. வாவிக்கு மேற்கே ஒரு பள்ளிக்கூடம். ஒரு நாள் வகுப்பெடுக்க வரச் சொல்லியிருந்தார்கள். "நுணுக்குக்காட்டி இருக்கா?" என்று கேட்டேன். "இருக்கு சேர், புதுசு" என்றார்கள். அலுமாரியைக் காட்டினார்கள். பூட்டு. சாவி எங்கே? மாற்றலாகிப் போன ஆசிரியரிடமாம். அவருக்குப் போன் எடுத்தால், "நான் அப்பவே உப அதிபரிட்டக் குடுத்திட்டன்" என்கிறார். உப அதிபர் ஓய்வு பெற்று மகள் வீட்டில். அவருடைய மனைவிதான் போனை எடுத்தார். "சாமித்தட்டில ஒரு சாவிக்கொத்து கிடக்கு, அதில பாருங்கோ" என்றார். சைக்கிளில் ஒரு பையன் ஓடினான். கொத்து வந்தது. அதில் இருந்த ஒரு சாவியும் பொருந்தவில்லை! பள்ளி விட்டாயிற்று, ஒரு பிள்ளையும் வீட்டுக்குப் போகவில்லை. கடைசியில் காவலாளி ஐயா கம்பி ஒன்றை விட்டுத் திறந்தார். உள்ளே நுணுக்குக்காட்டி, சுற்றி வந்த பொலித்தீனோடு. வாவிக் காற்றின் ஈரத்தில் வில்லையில் பூஞ்சணம். துடைத்தோம். பள்ளிக் கிணற்றிலேயே ஒரு வாளி அள்ளி, வாளியின் அடியில் ஒட்டிக் கிடந்த பாசியோடு ஒரு துளி எடுத்து வைத்தோம்.

முதலில் பார்த்தது பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று. ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒரே கத்தல்: "சேர், இதுக்குள்ள என்னமோ ஓடுது!" உடனே வரிசை. ஒருவர் பார்த்து முடியும் முன்னம் மற்றவர் தலையை நுழைக்கிறார். பிள்ளையைத் தேடி டோர்ச்சோடு ஒரு தாய் வந்தார். அவரும் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைக் கேட்டார்: "இந்தத் தண்ணியத்தானா சேர் எங்கட புள்ளையள் குடிக்குது?"

சபையோரே, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவர் கேட்கிற கேள்வி அது. நுணுக்குக்காட்டியில் ஓடுவது எல்லாம் நோய்க்கிருமி அல்ல, பயப்பட வேண்டாம் என்று சொன்னேன். ஆனால் அந்தக் கிணறு நல்லதா கெட்டதா என்று சொல்ல என் கையில் ஒன்றும் இல்லை. ஐதரசன் சல்பைட்டுப் பரிசோதனை என்று ஒன்று இருக்கிறது. மருந்து தோய்த்த தாள் போட்ட ஒரு சின்னப் போத்தல், அவ்வளவுதான். தண்ணீரை ஊற்றி வைத்துவிட்டு அடுத்த ஓரிரு நாள் பார்க்க வேண்டும். கறுத்தால் மலக்கழிவு கலந்திருக்கலாம் என்று சந்தேகப்பட்டு மேலே சோதிக்கலாம். ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளை செய்யக்கூடிய வேலை இது.

அலுமாரி ஏன் பூட்டிக் கிடக்கிறது? ஆசிரியர் சோம்பேறி என்று சொல்லாதீர்கள். கண்ணாடிக் குழாய் ஒன்று உடைந்தால் இருப்புக் கணக்கெடுப்பில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். பயத்தில் பூட்டுகிறார். சமையலறையில் சட்டி உடையாமல் யார் சமைக்கப் பழகினார்கள்?

காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகளைத் தமிழ்ப் பேராசிரியர் என்றுதான் கொண்டாடுகிறோம். அவர் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி, விஞ்ஞானம் படிப்பித்த ஆசிரியர். 1947இல் வெளிவந்த யாழ் நூலில் பழந்தமிழ் யாழைக் கணக்குப் போட்டு மீட்டுத் தந்தார். ஏட்டில் இருந்ததை அளந்து பார்த்த மனிதர் அவர். அவருக்குச் சிலை வைத்திருக்கிறோம், மாலை போடுகிறோம். அவர் பெயரால் ஓர் அலுமாரியைத் திறப்போமே.

கமக்காரர் தலைவர் இருக்கிறார், அவருக்கும் ஒரு சொல். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தினார்கள், பிறகு அதே ஆண்டில் தடையைத் தளர்த்தினார்கள். அந்த இடைவெளியில் நம் வயல்காரர் பட்டது உங்களுக்குத் தெரியும். எந்த வயல் வட்டையின் மண்ணுக்கு எது குறைகிறது என்ற கணக்கு அன்றைக்கு நம் கையில் இருந்திருந்தால், கிடைத்த கொஞ்சப் பசளையையாவது இடம் பார்த்துப் போட்டிருக்கலாம். மண்ணின் அமிலத்தன்மையைப் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் பிள்ளைகளே பார்த்துச் சொல்லலாம்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் சொல்வதாக இருந்தேன். நேரம் போகிறது, அதை ஆசிரியர் கூட்டத்தில் வைத்துக் கொள்வோம். இப்போது பணிப்பாளர் அவர்களைப் பார்த்தே கேட்கிறேன். வாவிக்கு இந்தப் பக்கம் இருக்கிற பள்ளிகளில் ஆய்வுகூட உதவியாளர் இல்லாத இடங்களுக்கு ஆள் தாருங்கள். உடைவதற்கென்று ஆண்டுக்கு ஒரு சிறு தொகை ஒதுக்கி, ஆசிரியரின் தலையிலிருந்து அந்தப் பயத்தை இறக்குங்கள். கிழமையில் இரண்டு பின்னேரம் ஆய்வுகூடத்தை ஊருக்குத் திறந்து விடுங்கள். கிணற்றுத் தண்ணீரோடு தாய்மார் வரட்டும், மண்ணோடு வயல்காரர் வரட்டும், சோதித்துச் சொல்லப் பிள்ளைகள் நிற்கட்டும்.

வாசலில் மேசை போட்டு இந்தக் கோரிக்கையை மனுவாக வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போடாமல் ஒருவரும் போகக்கூடாது. ஆச்சிமார் கைநாட்டு வைத்தாலும் போதும், மை இருக்கிறது. திங்கட்கிழமை காலையில் பணிமனைக்குக் கொண்டு போகிறோம், வரக்கூடியவர்கள் எங்களோடு வாருங்கள். நன்றி, வணக்கம்.