வளைவுக்கு முன் ஒரு கொப்பி

(கிளிநொச்சிப் பாடசாலை ஒன்றின் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அதிபர், ஆசிரியர்கள், பெற்றோர், பிள்ளைகள் எல்லோருக்கும் வணக்கம்.

பழைய மாணவன் என்றுதான் மேடைக்குக் கூப்பிட்டார்கள். சரி, பழசையே பேசுகிறேன்.

மாசி வந்தால் வயலில் காலபோக அறுவடை, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை 'இல்லம்' என்ற அணிகளாகப் பிரித்து நடத்தும் இல்ல விளையாட்டுப் போட்டி. தகப்பன்மார் வயலில் நின்ற கோலத்திலேயே வருவார்கள். அணிநடையில் கொடி பிடிப்பது யார் என்று எங்களுக்குள் பெரிய சண்டை. எந்த இல்லம் வென்றது என்று இப்போது கேட்டால் ஒருவருக்கும் ஞாபகமில்லை. 'நீ எந்த இல்லம்?' என்று கேட்டுப் பாருங்கள், ஐம்பது வயதுக்காரரும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்.

1996 செப்ரெம்பரில் போரால் கிளிநொச்சியை விட்டு ஓடினோம். அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று போன இடங்களில் மரத்தடியிலும் கொட்டில்களிலும் வகுப்பு நடந்தது. மணிக்குப் பதில் தண்டவாளத் துண்டு. 1990இல் யாழ்தேவி நின்ற பிறகு தண்டவாளமெல்லாம் பதுங்கு குழிகளுக்குப் போய்விட்டது. இங்கே இருக்கும் பிள்ளைகள் 2013இல் திரும்பி வந்த ரயிலைத்தான் கண்டிருப்பீர்கள்.

அந்தக் கொட்டில்களிலும் வாணி விழா வைத்தார்கள், அவலும் கடலையும் தந்தார்கள், இல்லமும் பிரித்தார்கள். அவ்வளவு கஷ்டத்துக்குள் ஆசிரியர்கள் ஏன் மினக்கெட்டார்கள்? விழாவுக்கு நாள் குறித்துவிட்டால் அடுத்த மாதம் என்று ஒன்று வரத்தான் போகிறது என்று பிள்ளை நம்பும். எனக்குத் தோன்றும் காரணம் இதுதான்.

2009க்குப் பிறகு ஊர் திரும்பியபோது கூரை இல்லை, கேடயங்கள் இல்லை, இடாப்புகளும் இல்லை. விடுகைப் பத்திரம் கேட்டு வந்தவர்களுக்குப் பார்த்து எழுத ஏடு இல்லை. பாடசாலைக் கீதம் மட்டும் தப்பியது. பழைய மாணவர்கள் நினைவிலிருந்து பாடப் பாட, ஓர் ஆசிரியை கொப்பியில் எழுதி எடுத்தார்.

வெளிநாட்டிலுள்ள எங்கள் ஆட்கள் நல்ல மனத்தோடுதான் காசு அனுப்புகிறார்கள். ஆனால் முதலில் எழும்புவது நுழைவாயில் வளைவு! கொடுத்தவர் பெயர் அதில் இருக்கும். படித்தவர்கள் பெயர் எங்கே? காசை விடுங்கள், படங்களைத் தேடி அனுப்பச் சொல்லுங்கள். இங்கே வீடுகளில் இருந்தவை அழிந்துபோயின. அந்தக் காலத்தில் கடிதத்தோடு ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் அனுப்பியவைதான் மிச்சம். உயர்தர வகுப்புப் பிள்ளைகளே, அம்மம்மாமார் சொல்லும் பள்ளிக்கூடக் கதைகளைக் கைபேசியில் பதிந்து வையுங்கள்.

வாசல் மேசையில் ஒரு புதுக் கொப்பி இருக்கிறது. பெயர், படித்த ஆண்டு, இல்லம், வகுப்பாசிரியர், அப்போது பள்ளிக்கூடம் நடந்த இடம் எல்லாவற்றையும் எழுதிவிட்டுப் போங்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் மறுத்தால் இரண்டையும் எழுதுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.